ராத்தாட மோதிரம்

786
உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
04.06.1978

அன்புள்ள ஜவாஹிர் காக்காவுக்குத் தங்கச்சி நஜ்முன் நிஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மா, உங்கட மச்சான், நான் மூண்டு பேரும் சுகம். குவைத் வெயிலில நீங்களும் சுகமா இருக்க துஆச் செய்கிறோம்.

உம்மா எழுதச் சொன்னபடியால் எழுதுறன். நான் முழுகாமல் இருக்கிறன். மூண்டாம் மாசம்.

முகம் முழுக்கப் பரு, காக்கா. நெத்தி, நாடி, ரெண்டு கன்னம். ராத்தாவுக்கு வயித்தில பிள்ளை இருக்கேக்க எங்கெங்க வந்ததோ, அங்கங்கதான் எனக்கும். போன கிழமை குசினி வாசலில என்னைக் கண்டிட்டு உம்மா “ரபீக்கா” எண்டு ராத்தாட பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. கூப்பிட்டிட்டு கையில இருந்த சுளகைக் கீழ போட்டுட்டா. அதுக்குப் பிறகு என்ட முகத்தைப் பார்த்துக் கதைக்கிறேல்லை. சோறு போட்டாலும் கோப்பையைப் பார்த்துத்தான் கதை. அலுமாரிக் கண்ணாடிக்குச் சீலை போட்டு மூடியாச்சு.

உங்கட கம்பனி கிளினிக்கில கேட்டு, பருவுக்கு என்ன செய்யலாம் எண்டு எழுதுங்க. கிறீம் ஒண்டும் அனுப்ப வேணாம். அதுக்கு இங்க ஆள் இருக்கு.

மஹ்ரிபுத் தொழுகைக்குப் பிறகு உங்கட கடிதத்தை எல்லாருக்கும் உரத்து வாசிக்கிறது நான்தான். அதால ஏசுறதெண்டா மெல்லமா ஏசுங்க.

தங்கச்சி,
நிஸா

குவைத்
22.06.1978

நிஸாவுக்கு, ஸலாம். நான் சுகம். இங்கத்த வெயிலைப் பற்றி எழுதினா காகிதம் காணாது.

சந்தோசம். இதை முதலே எழுதிட்டன், பிறகு மறந்துபோகும்.

பரு பேயில்லை. பிள்ளை தங்கினா உடம்பில ஓமோன் கூடும். தோலில எண்ணெய் கூடும். துவாரம் அடைபடும், வீங்கும். அவ்வளவுதான். ராத்தாவுக்கும் உனக்கும் ஒரே இடத்தில வந்ததில என்ன அதிசயம்? ஒரே வரைபடத்தில செய்த ரெண்டு பம்ப் ஒரே இடத்திலதான் ஒழுகும். இதை உம்மாவுக்கு அப்படியே வாசி. ராத்தா மவுத்தாகி வருசம் திரும்ப, அதே வீட்டில, அதே அறையில, அதே மச்சானுக்கு உன்னைக் கட்டிவைச்சா, உம்மாவுக்கு ராத்தா தெரியாம வேற ஆர் தெரியும்? நான் அப்பவே வேணாம் எண்டனான். இதையும் வாசி.

கிளினிக்கில மருந்து குடுக்கிற மலையாளியிட்டக் கேட்டன். காலையும் பின்னேரமும் லேசான சவுக்காரம் போட்டு மெல்லக் கழுவு. தேய்க்காதே, அது முகம், சட்டியில்லை. பிதுக்காதே. தலைக்கு வைக்கிற எண்ணெயை நெத்தியில வழிய விடாதே. தலகாணி உறையை அடிக்கடி தோய். கடிச்சாலோ எரிஞ்சாலோ கலமைன் பூசலாம், ஆஸ்பத்திரியில கேட்டாத் தருவாங்க. பக்கீர்ட கடையில பருவுக்கு எண்டு ஒரு மஞ்சள் குளுசை விக்கிறவர், ரெட்ராசைக்கிளின். அதைத் தொடாதே. பிள்ளைட பல்லைக் கெடுக்கும். வேற எதையும் பூச முந்தி, விழுங்க முந்தி, டொக்டரிட்டக் கேள்.

மிச்சப் பரு பிள்ளை பிறந்தாப் பிறகு போகும். போகாட்டியும் பருவால ஒருத்தரும் செத்ததில்லை.

“அதுக்கு ஆள் இருக்கு” எண்டா என்ன? விளங்கேல்லை. விளங்குற மாதிரி எழுது.

ஜவாஹிர்

786
திருகோணமலை
16.07.1978

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்துக்குக் குறைவில்லை எண்டு எழுதத்தான் விருப்பம்.

உங்கட கடிதத்தை வாசிச்சன். பம்ப் கதையைக் கேட்டு உங்கட மச்சான் சிரிச்சார். உம்மா சிரிக்கேல்லை. கலமைன் வாங்கிப் பூசினன். அது காஞ்சு வெள்ளையா நிண்டதைக் கண்டு உம்மா கத்தின கத்தில அடுத்த வீட்டு உம்மு குல்சும் மாமி வேலியால எட்டிப் பார்த்தா. “என்னடி, நாடகத்துக்கா போறாய்?” எண்டு கேட்டா. சிரிப்பு வந்தது. கனநாளைக்குப் பிறகு.

பரு குறைஞ்சிருக்கு, முகமும் வெளுத்திருக்கு. ஆனா இப்ப வேற ஒண்டு. ராத்தாட மோதிரத்தை உம்மா எனக்குக் கலியாணத்தில போட்டவதானே, அதுவும் வெளுக்குது காக்கா. முதல் ஒரு பக்கம் புகை பிடிச்ச மாதிரி இருந்தது. இப்ப முழுக்க ஈயம் மாதிரி. புளி போட்டுத் தேய்ச்சும் போகேல்லை. உம்மா பார்த்திட்டா. கிண்ணியாவில ஒரு பரிசாரியிட்டப் போனவ. அவர் சொன்னாராம், மூத்தவ தன்ட சாமானைத் திருப்பிக் கேக்கிறா, அவட உடுப்பெல்லாம் கடலுக்குக் குடுத்தாத்தான் விடுவா எண்டு.

நான் நம்பேல்லை. ஆனா ராவில வாயில இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி. விடிய எழும்பினா காலும் கண்மடலும் வீங்கியிருக்கு. ராத்தாவும் வயித்துப் பிள்ளையும் போகேக்கையும் இந்த வீக்கம்தானே. மோதிரத்தைக் கழட்டப் பயமா இருக்கு. போட்டிருக்கவும் பயமா இருக்கு.

துஆவை எதிர்பார்க்கும்,
நிஸா

தந்தி
குவைத், 02.08.1978

கிறீம் ஏதும் பூசினால் நிறுத்து. மோதிரம் கழற்று. இன்றே ஆஸ்பத்திரி போ. கடிதம் வருகிறது. ஜவாஹிர்.

குவைத்
02.08.1978

நிஸா,

ஸலாம் கிலாம் பிறகு. உன்ட கடிதம் இண்டைக்குத்தான் கிடைச்சது.

எங்கட பட்டறை வாசலில ஒரு ஆணி அடிச்சிருக்கு. மோதிரம், சங்கிலி எல்லாத்தையும் அதில மாட்டிட்டுத்தான் உள்ளுக்கு வரலாம். உள்ள இருக்கிற அமுக்கமானிகளில பாதரசம். தங்கத்தில அது பட்டா ஒட்டிப்பிடிக்கும், தங்கம் வெள்ளையாகும், ஈயம் மாதிரி. நீ எழுதின அதே சொல். வந்த புதிசில ஒரு பாக்கிஸ்தான்காரன் கேக்காம உள்ள வந்து, மோதிரத்தைப் பிடிச்சுக்கொண்டு அழுததைக் கண்டனான்.

உன்ட விரலில பாதரசம் படுகுது. நீ எதில கை வைக்கிறாய்? முகம் வெளுக்குது எண்டும் எழுதினாய். சவுக்காரத்தால முகம் வெளுக்காது, கலமைனால மோதிரம் வெளுக்காது. ஏதோ ஒரு கிறீம். மலையாளி சொல்லுறார், பருவுக்கும் வெள்ளைக்கும் எண்டு விக்கிற சிலதில பாதரசம் கிடக்காம். தோலால உள்ள போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அதுதான் வீக்கம். பிள்ளைக்கும் போகும்.

என்ன கிறீம்? ஆர் தந்தது? எவ்வளவு நாளாப் பூசுறாய்? டப்பியையும் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டு. வெக்கத்தைப் பார்க்காதே. மறைக்காதே. பேயாலயும் இல்லை, ராத்தாவாலயும் இல்லை. உடனே எழுது.

ஜவாஹிர்

786
திருகோணமலை
16.08.1978

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஆஸ்பத்திரியால வந்து எழுதுறன். நோன்பு பிடிக்க வேணாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார்.

தந்தி எண்டதும் உம்மா முற்றத்திலயே விழுந்திட்டா, நீங்கதான் மவுத்து எண்டு. தந்திக்காரன் பாவம், சைக்கிளைப் போட்டுட்டுத் தண்ணி தெளிச்சான். உங்கட மச்சான் வந்து எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு, “கிறீமுக்கு ஒரு தந்தியா? படிச்சவனுக்குக் காசு கூடிப்போச்சு” எண்டு பகிடி பண்ணினார். விடியவே தான் ஓட்டுற லோஞ்சுப் படகை இன்னொருத்தனிட்ட விட்டிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தாங்க, முட்டை வெள்ளை மாதிரித் திரைஞ்சது, சிறுநீரகம் பழுதானதுக்கு அடையாளமாம். வார்ட்டில வைச்சுப் பார்த்து, உப்பைக் குறைச்சாங்க. அவர் வெளிய போன நேரம் டப்பியை டொக்டரிட்டக் காட்டினன். மணந்து பார்த்திட்டு, “இனி இதைத் தொட்டா இங்க வராதே” எண்டார். இப்ப வீக்கம் இறங்கியிருக்கு. பிள்ளை துடிக்குது. நேற்று நல்லா உதைச்சது.

நீங்க கேட்டதுக்கு மறுமொழி. நீல மூடி போட்ட சின்ன டப்பி. உங்கட மச்சான் கப்பல்காரரிட்ட வாங்கித் தந்தவர். எனக்குப் பரு வந்த கிழமையே. பாஷை தெரியாம, தன்ட கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டி அவங்களிட்டக் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அதுதான் நான் எழுதேல்லை. உங்கட மறுமொழியை அவருக்கு முன்னால நான்தானே வாசிக்க வேணும்.

இன்னொண்டும் இருக்கு. அதே நீல மூடி ராத்தாட அலுமாரித் தட்டிலயும் கிடந்தது. வெறும் டப்பி, ஊசி போட்டு வைச்சிருந்தவ.

இதுக்கு மேல இதைப்பற்றி எழுத வேணாம் காக்கா.

நிஸா

குவைத்
03.09.1978

நிஸாவுக்கு, ஸலாம். பிள்ளை துடிக்குது எண்ட வரியை ரெண்டு தரம் வாசிச்சன். பெருநாள் வாழ்த்துக்கள்.

இங்கத்த சந்தையில அந்த நீல மூடி கிடக்கு. வாங்கினன். ஒரு உடைஞ்ச தங்கத் தோட்டில பூசித் துணியில சுத்தி வைச்சன். வெளுத்திட்டு. சந்தேகம் முடிஞ்சுது.

இனி மச்சானுக்குச் சொல்லு. உம்மாவுக்கும் சொல்லு. நீ எழுத வேணாம் எண்டாப்போல இது இல்லாமப் போகாது. உம்மா தான் பெத்த பிள்ளையைப் பேய் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறா. ராத்தா உன்னில பொறாமைப்பட்டு வந்து நிக்கிறா எண்டு. ராத்தா! தன்ட தோட்டைக் கழட்டி உன்ட காதில போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினவ. எனக்குக் கேக்கவே பத்தியெரியுது.

பருவால ஒருத்தரும் செத்ததில்லை எண்டு எழுதினனான். அந்த வரியை வெட்டு.

நீ சொல்லாட்டி நான் எழுதுவன்.

ஜவாஹிர்

786
திருகோணமலை
27.09.1978

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வயித்துப் பிள்ளையும் சுகம். கிளினிக்கில சிறுநீர் திரையிறது குறைஞ்சிட்டு எண்டாங்க. பரு திரும்ப வந்திருக்கு. இருக்கட்டும். கழுவிட்டு விடுறன்.

நீங்க எழுதுங்க. வாசிக்கப்போறது நான்தானே. போன கடிதத்திலயும் நீங்க எழுதின பாதியை நான் வாசிக்கேல்லை. உம்மாவுக்குப் பெருநாள் வாழ்த்தும், உங்களிட்ட ஒரு தோடு உடைஞ்சு கிடக்கு எண்டதும்தான் தெரியும். தோடு எப்பிடி உடைஞ்சது எண்டு கேட்டா.

காக்கா, உங்களுக்கு இது ஒரு பழுது. கண்டுபிடிச்சாச்சு, சொல்லியாச்சு, முடிஞ்சுது. நான் இந்த மனுசனோட ஒரே பாயில படுக்கிறன். ராத்தா மவுத்தான பிறகு ரெண்டு வருசமா மீன் தின்னாத மனுசன், அவ ஆக்கின மாதிரி இல்லையாம். அவரிட்டப் போய், “நீங்க ஆசையாக் கொண்டு வந்ததுதான்” எண்டு எந்த வாயால சொல்ல?

ராத்தா மன்னிப்பா. அவ எல்லாத்தையும் மன்னிக்கிறவ.

இந்தப் பெருநாள் மாசம் ராத்தா மவுத்தான நாள் கத்தம் வந்தது. உம்மா ஓதுவிக்கேல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்திருவாவாம். சீலையெல்லாம் மூட்டையாக் கட்டி உங்கட மச்சானிட்டக் குடுத்திட்டா, லோஞ்சில கொண்டுபோய்க் கடலுக்குக் குடுக்கச் சொல்லி. அவர் வாங்கிக்கொண்டு போனார்.

நிஸா

குவைத்
15.10.1978

நிஸா, ஸலாம்.

ராத்தா மன்னிப்பா எண்டு எழுதிறதுக்கு உனக்கு ஆர் உரிமை தந்தது? அவ மன்னிச்சாலும் உம்மா அவவுக்குப் பயந்தபடிதான் மவுத்தாவா. அது பரவாயில்லையா?

மறுமொழி எழுது.

ஜவாஹிர்

திருகோணமலை ஜெட்டி
05.11.1978

மச்சான் ஜவாஹிருக்கு அபூதாஹிர் ஸலாம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க. ஜெட்டியில கட்டின லோஞ்சில இருந்து எழுதுறன். வீட்டுக்குத் தெரியாது. உங்கட கடிதம் ஒண்டு வந்து கிடக்கு, நிஸா வாசிச்சுக் காட்டேல்லை.

மாமி தந்த மூட்டையைக் கடலில போடேல்லை. துறைமுக வாய் தாண்டும் மட்டும் போனன். கை வரேல்லை. எஞ்சின் பெட்டிக்குக் கீழ வைச்சிருக்கிறன்.

ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டு. ரபீக்காட மையித்தைக் குளிப்பாட்டின பொம்பிளைகள் மோதிரத்தைக் கழட்டி என்ட கையில தந்தாங்க. அது அப்பவே வெள்ளை. மையித்துக் கையில கிடந்தா அப்படித்தான் ஆகுமாக்கும் எண்டு நினைச்சன். தட்டாரிட்டக் குடுத்தன். ஊதுலையில காட்ட மஞ்சள் திரும்பி வந்தது. அலுமாரியில வைச்சிட்டன். அதைத்தான் மாமி எடுத்து நிஸாவுக்குப் போட்டா.

இப்பவும் வெளுத்திட்டு. உங்கட தந்தியில கிறீம் எண்டு கிடந்தது. டப்பி எங்க எண்டு கேட்டா நிஸா தீர்ந்திட்டு எண்டா. அது தந்திக்கு முந்தின கிழமை நான் திரும்பப் புதிசாக் கொண்டு வந்தது, எப்பிடித் தீரும்? உங்கட கடிதம் வாசிக்கேக்க இடையில அவட கண் சில வரி தாண்டிப் போகுது. நான் வாசிக்கத்தான் சுணக்கம், மச்சான். கண் தெரியும்.

ரெண்டு பேருக்கும் நான்தான் கொண்டு வந்து குடுத்தனான். அதுதானா? ஓம் இல்லை ரெண்டில ஒண்டு எழுதுங்க. ஜெட்டி விலாசத்துக்கு எழுதுங்க. நிஸாவுக்கு நான் கேட்டது தெரிய வேணாம். வயித்துப் பிள்ளைக்காரி.

அபூதாஹிர்

குவைத்
22.11.1978

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா எண்டு கேட்க எனக்கு வரேல்லை.

எழுதி எழுதிக் கிழிச்சன். “இல்லை” எண்டும் ஒரு கடிதம் எழுதினன். நல்ல கடிதம். தபாற்பெட்டி வாசல் மட்டும் கொண்டுபோனன். நீங்க தட்டார் கதையை எழுதாம விட்டிருந்தா அதைப் போட்டிருப்பன்.

ஓம் மச்சான்.

ராத்தாட உயிருக்கும் பிள்ளைக்கும் அதுமட்டும்தான் காரணம் எண்டு இனி எந்த டொக்டராலயும் அறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா ரெண்டு தரம் மோதிரம் வெளுத்தது, ரெண்டு தரம் வீக்கம் வந்தது. நிப்பாட்டினதும் நிஸாவுக்கு இறங்கினது. எனக்கு அது காணும்.

டப்பியில பாதரசம் எண்டு எழுதியிருக்கேல்லை. எழுதியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க. பட்டறையில கேஜ் பிழையாக் காட்டினா கேஜைத்தான் கழட்டுவம், அதை வாசிச்சவனை இல்லை. இதை ஆறுதலுக்கு எழுதேல்லை. ஆறுதல் எழுத எனக்குத் தெரியாது.

இப்ப நான் கேக்கிறது. இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு வாசியுங்க. நிஸாட கையில குடுக்க வேணாம், அவ தாண்டிடுவா. நீங்களே வாசியுங்க. அப்ப கொழும்பில வேலை செய்த நான் வந்து சேர முந்தி ராத்தாவை அடக்கியாச்சு. கடைசியா அவட முகத்தைப் பார்க்கேல்லை. நீங்க பார்த்தனீங்க. அவ பேயில்லை எண்டு அந்த வீட்டில சொல்ல உங்களால மட்டும்தான் ஏலும். லேசில்லை எண்டு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறன்.

மோதிரத்தைத் திரும்ப ஊதுலையில காட்ட வேணாம். அந்தப் புகையும் நஞ்சு.

ஜவாஹிர்

786
திருகோணமலை
14.01.1979

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை சுகம் எண்டு எழுத எனக்குப் பொய் தேவையில்லை. பெண் பிள்ளை. மார்கழியில பிறந்தது. கொஞ்சம் சின்னன், ஆனா தொண்டை பெரிசு. அழுதா ஜெட்டி மட்டும் கேக்குமாம். பரு காயுது, தழும்புதான் மிச்சம். அலுமாரிக் கண்ணாடியில போட்டிருந்த சீலையை உம்மாவே எடுத்திட்டா.

அது எப்பிடி எண்டு எழுத வேணும். பிள்ளை பிறக்க முந்தின ஒரு வெள்ளிக்கிழமை, மஹ்ரிபுக்குப் பிறகு, அவர் கதிரையை இழுத்துப் போட்டு, “இண்டைக்கு நான் வாசிக்கிறன்” எண்டார். நான் பகிடிக்கு, “அப்ப விடிஞ்சிரும்” எண்டன். உங்கட எழுத்தைக் கண்டதும் எழும்பினன். “இரு” எண்டார். எழுத்துக்கூட்டி வாசிச்சார். “ஓம் மச்சான்” எண்ட இடத்தில நிண்டிட்டார். நான் கையை நீட்டினன். தரேல்லை. திரும்ப முதலில இருந்து தொடங்கி, அந்த இடத்தையும் வாசிச்சு, முடிவு மட்டும் போனார்.

உம்மா கேட்டா, “அப்ப அவவுக்கு என்னில கோபம் ஒண்டுமில்லையா?”

“இல்லை மாமி.”

“இவளிலயும் இல்லை?”

“இல்லை.”

“உங்களில?”

அவர் கடிதத்தை மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கினார். உம்மா எழும்பிப் போய் அவருக்குத் தேத்தண்ணி ஊத்தினா. பிறகு மூட்டையைக் கேட்டா. அவர் போய் லோஞ்சில இருந்து எடுத்து வந்தார், ஒரே எண்ணெய் மணம். ஒவ்வொரு சீலையா உம்மாவே தோய்ச்சுக் காயப்போட்டா. ராத்தாட பச்சைச் சீலையிலதான் பிள்ளைக்கு ஏணை கட்டியிருக்கு. பிந்தின கத்தமும் ஓதியாச்சு. உம்மா பேரைச் சொல்லி அழுதா, ரெண்டு வருசத்துக்குச் சேர்த்து.

நீங்க சொன்னதுதான் சரி, காக்கா. எழுதிட்டன், வைச்சுக்கொள்ளுங்க.

மோதிரம் வெள்ளையாவே ஒரு போத்தலுக்குள்ள கிடக்கு. இப்ப அதைப் பார்த்து ஒருத்தருக்கும் பயமில்லை.

அவர் மட்டும், பிள்ளையைத் தூக்க முந்திக் கிணத்தடிக்குப் போறார். சவுக்காரம் போட்டு முழங்கை மட்டும் கழுவுறார். கழுவிட்டு வந்து ஏணைக்குக் கிட்ட நிண்டு கையை மணந்து பார்க்கிறார். திரும்பப் போறார். “கழுவின கைதானே, வாங்க” எண்டு நான் கூப்பிட்டா, “இரு, வாறன்” எண்டுறார். இதை எழுதேக்கையும் கிணத்துக் கப்பிச் சத்தம் கேக்குது. பிள்ளை அழுதழுது நித்திரையாகிட்டு.

உம்மா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னா. அவரும் சொல்லுவார், கிணத்தடியால வந்தா.

தங்கச்சி,
நிஸா